ஒரே எண், இரண்டு கதை: அமெரிக்கக் குடியேற்றச் செய்திகளைப் பிரித்துப் படிப்பது எப்படி?

2025 கோடையில் அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதங்களில் 70 சதவீதம் என்ற எண் இரண்டு பக்கமும் அடிபட்டது. ‘பிடிபடுபவர்களில் 70 சதவீதம் பேர் குற்றவாளிகள்’ என்றது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ‘காவலில் இருப்பவர்களில் 70 சதவீதம் பேர் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர்கள்’ என்றது எதிர்த்தரப்பு. கேட்டவர்கள் இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்டி, தங்களுக்குப் பிடித்த எண்ணை வைத்துக்கொண்டார்கள். கணக்குப்படி பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

குடியேற்ற அமலாக்கத்தைப் பற்றிய செய்திகளில் அப்பட்டமான பொய் குறைவு. எதை எண்ணினார்கள், எந்த மொத்தத்தில் எண்ணினார்கள், எந்தத் தேதிவரை எண்ணினார்கள் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமான வேலை. இடது, வலது இரண்டு முகாமும் இதைச் செய்கின்றன.

நடு வரிசை எந்தப் பக்கம் போயிற்று?

அமெரிக்கக் குடியேற்ற, சுங்க அமலாக்க அமைப்பை எல்லோரும் ‘ஐஸ்’ என்கிறார்கள். அது தன் பிடியில் உள்ளவர்களை மூன்றாகப் பிரிக்கிறது: குற்றத் தீர்ப்பு பெற்றவர்கள், குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவர்கள், குடியேற்ற விதியை மட்டும் மீறியவர்கள். கணக்கு எளிதாக இருக்க, 100 பேரில் இவர்கள் முறையே 30, 25, 45 என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள 25 பேரை முதல் வரிசையோடு சேர்த்தால் ‘55 சதவீதம் குற்றவாளிகள்’. அதே 25 பேரைக் கடைசி வரிசையோடு சேர்த்தால் ‘70 சதவீதம் தண்டனை பெறாதவர்கள்’. ஆட்கள் மாறவில்லை.

இதற்கு மேல் மொத்தமும் மாறுகிறது. துறை சொன்னது ஐஸ் செய்த கைதுகளின் சதவீதம். எதிர்த்தரப்பு சொன்னது குறிப்பிட்ட ஒரு நாளில் காவலில் இருந்தவர்களின் சதவீதம். எல்லையில் வேறு படை பிடித்து ஐஸிடம் ஒப்படைத்தவர்களும் அந்த இரண்டாவது கணக்கில் அடக்கம். புதிதாக எல்லை தாண்டி வந்தவர்களுக்கு அமெரிக்காவில் குற்றப் பதிவு இருக்க வாய்ப்பு குறைவு என்பதால், அவர்கள் சேரச் சேர ‘தண்டனை பெறாதவர்கள்’ சதவீதம் ஏறும்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். நாடாளுமன்ற உத்தரவுப்படி ஐஸ் தன் தடுப்புக் காவல் புள்ளிவிவரத்தை எக்செல் கோப்பாக வெளியிடுகிறது. சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். அதில் நடப்பு நிதியாண்டின் தாளைத் திறந்து, காவலில் உள்ளவர்களைக் குற்ற நிலைவாரியாகவும் கைது செய்த அமைப்புவாரியாகவும் பிரித்த அட்டவணையைத் தேடுங்கள். மேலே சொன்ன மூன்று வரிசைகளும், யார் பிடித்தது என்ற பத்திகளும் அதில் இருக்கும். எக்செல்லோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள் சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘டிராக்’ தளத்துக்குப் போகலாம். இதே கோப்பை அது சுருக்கித் தரும். அரசுத் தளத்தில் புதுக் கோப்பு ஏறியதும் பழையது கிடைக்காமல் போகலாம். அதனால் இறக்கிய தேதியைப் பெயரில் சேர்த்துச் சேமித்துவிடுங்கள்.

முதல் வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. கொலையும் குற்றத் தீர்ப்புதான், போக்குவரத்துக் குற்றமும் குற்றத் தீர்ப்புதான். வெளியேற்றப்பட்ட பிறகு திருட்டுத்தனமாகத் திரும்பி வந்ததற்கான தண்டனையும் அதே வரிசையில்தான் விழும். ‘குற்றவாளிகள்’ என்ற தலைப்பைப் பார்த்தால் குற்றவகைப் பட்டியல் செய்தியில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. இன்னொன்று: விசா முடிந்தும் தங்கியிருப்பது அங்கே குடியியல் விதிமீறல். ஆவணமின்றி எல்லை தாண்டுவது சிறு குற்றம். ‘எல்லோரும் குற்றவாளிகளே’ என்பவரும் ‘யாருமே குற்றவாளி இல்லை’ என்பவரும் இந்த வேறுபாட்டைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

யாருடைய சீருடை?

வீதியில் முகமூடி போட்டவர் யாரானாலும் செய்தியில் ‘ஐஸ்’ ஆகிவிடுகிறார். 2003ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை செயல்படத் தொடங்கியபோது பழைய குடியேற்றத் துறையின் வேலை மூன்று அமைப்புகளுக்குப் போனது. நாட்டுக்குள் கைது, காவல், வெளியேற்றம் ஆகியவை ஐஸின் பொறுப்பு. எல்லையும் நுழைவாயில்களும் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பு. எல்லை ரோந்துப் படை அதன் கீழ் வருகிறது. கிரீன் கார்டு, எச்-1பி, குடியுரிமை மனுக்களை மூன்றாவது அமைப்பு பார்க்கிறது. 2025ல் லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ நடவடிக்கைகளில் எல்லை ரோந்துப் படையினரும் இறங்கினார்கள். அவர்கள் செய்த கைதை ஐஸ் கைதுக் கணக்கில் தேடினால் கிடைக்காது.

‘நீதிபதி உத்தரவிட்டார்’ என்ற வரியில் நின்று நிதானியுங்கள். குடியேற்ற நீதிமன்றங்கள் நீதித் துறை என்ற அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றின் நீதிபதிகளை நியமிப்பவர் அரசின் அட்டர்னி ஜெனரல். அரசின் கொள்கைக்குத் தடை விதிக்கும் செய்திகளில் வருபவர் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி. அவர் வாழ்நாள் பதவியில் இருப்பவர், அரசுக்குக் கட்டுப்படாதவர். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் செய்தி தலைகீழாகிவிடும்.

‘வாரண்ட் இருந்தது’ என்பதும் அப்படித்தான். ஐஸின் ஐ-200, ஐ-205 படிவங்களில் கையெழுத்திடுவது துறை அதிகாரி, நீதிபதி அல்ல. ஐ-247ஏ என்பது உள்ளூர்ச் சிறைக்கு அனுப்பும் கோரிக்கை: விடுதலையாக வேண்டியவரை எங்களுக்காக 48 மணி நேரம்வரை கூடுதலாக வைத்திருங்கள் என்கிறது. ‘புகலிட நகரம்’ என்று அழைக்கப்படும் ஊர்கள் பலவும் செய்வது, நீதிபதியின் உத்தரவு இல்லாமல் இந்தக் கோரிக்கையை ஏற்க மறுப்பது. அந்த ஊருக்குள் ஐஸ் நுழையவே முடியாது என்று யாராவது எழுதினால் மீதிக் கட்டுரையையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

வினைச்சொல்லைப் பிடியுங்கள்

எண்ணுக்கு முன்னால் வினையைப் பாருங்கள். எல்லையில் ‘எதிர்கொண்டது’, ‘கைது’, ‘காவலில் வைத்தது’, ‘வெளியேற்றியது’, ‘திருப்பி அனுப்பியது’ எல்லாம் தனித்தனிக் கணக்கு.

எதிர்கொண்ட கணக்கு ஆட்களை எண்ணுவதில்லை, சம்பவங்களை எண்ணுகிறது. 2020 மார்ச்சிலிருந்து 2023 மே 11வரை, பெருந்தொற்றைக் காரணம் காட்டி ‘டைட்டில் 42’ என்ற சுகாதாரச் சட்டப் பிரிவின் கீழ் வந்தவர்களை உடனுக்குடன் திருப்பித் தள்ளினார்கள். முறைப்படியான தண்டனை எதுவும் இல்லாததால் தள்ளப்பட்டவர்கள் மறுபடி மறுபடி முயன்றார்கள். 2021 நிதியாண்டில் எல்லை ரோந்துப் படை பிடித்ததில் 27 சதவீதம் மறுமுறை பிடிபட்டவர்கள். எனவே 2022 நிதியாண்டின் தென்மேற்கு எல்லைக் கணக்கான 23 லட்சத்துச் சொச்சத்தை ‘23 லட்சம் பேர் நுழைந்தார்கள்’ என்று எழுதினால் இரண்டு தவறு. அத்தனை பேர் இல்லை. அத்தனை பேரும் உள்ளே விடப்படவும் இல்லை.

‘நாடுகடத்தல்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு வகை உண்டு. சட்டபூர்வ உத்தரவோடு வெளியேற்றுவது ஒன்று. அது ஆளின் பதிவில் ஏறும். மறுபடி வந்தால் பெருங்குற்றம். உத்தரவில்லாமல் எல்லையிலேயே திருப்பி அனுப்புவது இன்னொன்று. கிளின்டன் காலத்து மொத்த எண்ணிக்கை மலைக்க வைப்பதற்குக் காரணம் பெரும்பங்கும் இந்த இரண்டாம் வகை. ஒபாமா காலத்தில் முதல் வகை ஏறியது: 2012 நிதியாண்டில் ஐஸ் மட்டும் 4,09,849 பேர். குடியேறிகள் உரிமை அமைப்புகள் அந்த எண்ணைக் காட்டி அவரைக் கடுமையானவர் என்றன. வலதுசாரிகளோ எல்லையில் பிடித்தவர்களைச் சேர்த்து ஊதிக் காட்டிய கணக்கு என்றார்கள். ஒரே எண்ணால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பைடனின் 2024 நிதியாண்டு எண்ணான 2,71,484ஐப் பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். அதில் பெரும்பாலோர் எல்லையில் பிடிபட்டு ஐஸ் வழியாக அனுப்பப்பட்டவர்கள். ஊருக்குள் வாழ்ந்துகொண்டிருந்தவர்களைப் பிடித்து அனுப்பியது சிறு பங்கு. எல்லையே வெறிச்சோடிய ஓர் ஆண்டோடு இதை நேருக்கு நேர் வைத்து ‘அவர்தான் அதிகம் அனுப்பினார்’ என்றோ ‘இவர்தான்’ என்றோ சொல்வது விவாதத்துக்கு உதவும், புரிந்துகொள்ள உதவாது.

‘தாமாகவே வெளியேறியவர்கள்’ என்ற எண் இன்னும் வழுக்கலானது. 2025 ஆகஸ்டில் 16 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போய்விட்டதாகத் துறை அறிவித்தது. வாசலில் நின்று யாரும் எண்ணவில்லை. சுமார் 60,000 வீடுகளில் மாதந்தோறும் எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில் வெளிநாட்டில் பிறந்தோர் எண்ணிக்கை இறங்கியதை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கதவைத் திறக்காதவரும், பிறந்த நாட்டை மாற்றிச் சொன்னவரும் அந்தக் கணக்கில் ‘போய்விட்டவர்’ ஆகிவிடக்கூடும்.

13,099 என்ற எண்ணின் பயணம்

2024 தேர்தல் நேரத்தில் இது எப்படி நடந்தது என்று மெதுவாகப் பார்ப்பது நல்ல பயிற்சி. அந்தச் செப்டம்பரில் டெக்சஸின் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் டோனி கொன்சாலஸுக்கு ஐஸ் ஒரு கடிதம் எழுதியது. ஜூலை 21 நிலவரப்படி, ஐஸ் காவலில் இல்லாதவர்களின் வழக்குப் பட்டியலில் குற்றத் தீர்ப்பு பெற்றவர்கள் 4,25,431 பேர். அவர்களில் கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் 13,099 பேர். சில நாட்களில் இது ‘பைடன்–ஹாரிஸ் ஆட்சியில் 13,099 கொலையாளிகள் உள்ளே வந்து வீதியில் திரிகிறார்கள்’ என்று மேடையேறியது.

கடிதத்தில் ‘இந்த ஆட்சியில் வந்தவர்கள்’ என்று இல்லை. அந்தப் பட்டியல் 40 ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தது என்று துறை விளக்கியது. ‘வீதியில்’ என்றும் இல்லை. ‘ஐஸ் காவலில் இல்லை’ என்றால் மாநிலச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவிப்பவரும் அதில் அடக்கம். அதே சமயம் ‘எல்லோரும் சிறையில்தான் இருக்கிறார்கள்’ என்று எதிர்த்தரப்பு பதில் சொன்னதற்கும் கடிதத்தில் ஆதாரமில்லை. எத்தனை பேர் சிறையில், எத்தனை பேர் வெளியில் என்ற பிரிப்பே அதில் கிடையாது. தண்டனை முடிந்து வெளியில் இருப்பவர்களும் உண்டு. சொந்த நாடு ஏற்க மறுத்தால், அனுப்பும் வாய்ப்பே தெரியாத ஒருவரைப் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் குடியேற்றக் காவலில் வைத்திருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001ல் சொல்லிவிட்டது. இந்தக் காரணம் இரண்டு பக்கச் செய்திகளிலும் அநேகமாக வரவில்லை. கோபப்பட அதில் ஒன்றும் இல்லையே.

‘காணாமல்போன குழந்தைகள்’ விஷயத்தில் இரண்டு தரப்பும் ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரே தவறைச் செய்தன. பெற்றோர் துணையின்றி வந்து உறவினரிடமோ பொறுப்பாளரிடமோ ஒப்படைக்கப்பட்ட 7,635 குழந்தைகளைப் பற்றி அரசு 2017 கடைசியில் தொலைபேசியில் விசாரித்தபோது 1,475 பேரின் நிலை தெரியவில்லை என்பது 2018ல் வெளியானது. ‘டிரம்ப் அரசு 1,475 குழந்தைகளைத் தொலைத்துவிட்டது’ என்றானது அது. எல்லையில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டவர்களோடும் சேர்த்துக் குழப்பப்பட்டது. 2024 ஆகஸ்டில் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை, 2019 முதல் 2023வரையிலான நிதியாண்டுகளில் 32,000க்கு மேற்பட்ட குழந்தைகள் நீதிமன்றத் தேதிக்கு வரவில்லை என்றது. இன்னும் 2,91,000 பேருக்கு ஆஜராகும் அறிவிப்பே தரப்படவில்லை என்றும் சொன்னது. இரண்டையும் கூட்டி ‘3,20,000 குழந்தைகளைப் பைடன் அரசு தொலைத்துவிட்டது’ என்றார்கள். போன் எடுக்காததும், சம்மன் போகாததும் காணாமல்போவது ஆகாது. ஆனால் இரண்டு சம்பவத்திலும் அரசின் கண்காணிப்பில் நிஜமான ஓட்டை இருந்தது. எண்ணை ஊதியதால் அந்த ஓட்டை பேச்சிலிருந்தே காணாமல்போயிற்று.

சதவீதம், டாலர், கருத்துக்கணிப்பு

‘ஐஸ் அதிகாரிகள் மீதான தாக்குதல் 690 சதவீதம் உயர்வு’ என்ற தலைப்பு 2025ல் வந்தது. அடியில் இருந்த எண்கள்: முந்தைய ஆண்டு அதே காலத்தில் 10, இப்போது 79. உயர்ந்தது உண்மை. சதவீதத்தைப் பார்த்தால் முதலில் அடி எண்ணைக் கேளுங்கள். அது இல்லாத செய்தியைப் பகிர வேண்டாம். பணத்துக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேளுங்கள். 2025 ஜூலை 4ல் கையெழுத்தான சட்டம் எல்லைக்கும் குடியேற்ற அமலாக்கத்துக்கும் ஒதுக்கிய சுமார் 17,000 கோடி டாலர் பல ஆண்டுகளுக்கானது. அதை ஐஸின் ஓராண்டு பட்ஜெட்டோடு நேரடியாக ஒப்பிட்டவர்கள் நிறைய.

கருத்துக்கணிப்பில் கேள்வியை அப்படியே படிக்க வேண்டும். காலப் நிறுவனத்தின் 2025 ஜூன் கணிப்பில், ஆவணமற்ற எல்லோரையும் நாடுகடத்த 38 சதவீதம் பேர் ஆதரவு. அவர்களுக்குக் குடியுரிமை வழி திறக்க 78 சதவீதம் ஆதரவு. கூட்டினால் 100ஐத் தாண்டுகிறது. ஆக இரண்டுக்கும் தலையாட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் எடுத்துப்போட்டால் ‘மக்கள் தீர்ப்பு’ என்று எந்தப் பக்கமும் எழுதலாம்.

படம் வந்தால்

1. கூகுள் லென்ஸிலும் டின்-ஐ தளத்திலும் படத்தைப் போடுங்கள். டின்-ஐயில் ‘பழையது முதலில்’ என்று வரிசைப்படுத்தலாம்; முதன்முதலில் எப்போது வெளியானது என்பதே பாதி விடை.
2. செய்தி நிறுவனத்தின் மூலக் குறிப்பைத் தேடுங்கள்: தேதி, ஊர், எடுத்தவர். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் இவை உதிர்ந்திருக்கும்.
3. காணொளி என்றால் தெளிவான ஒரு நொடியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைத் தேடுங்கள்.
4. படம் பொய் என்று தெரிந்தால் அங்கேயே நிற்காதீர்கள். சம்பவம் நடந்ததா என்பது தனிக் கேள்வி.

நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2025 பிப்ரவரி 5ல் 104 இந்தியர்களோடு அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியபோது, கைவிலங்கிட்ட ஒரு படம் பரவியது. அது குவாத்தமாலாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் படம் என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு சொன்னது. சரிதான். ‘அப்படியானால் விலங்கிட்டதே பொய்’ என்று கொண்டாடியவர்களுக்கு அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இந்தியர்கள் விலங்கோடு விமானம் ஏறும் காட்சியை எல்லை ரோந்துப் படையின் தலைவரே வெளியிட்டார். மறுநாள் மாநிலங்களவையில் ஜெய்சங்கர், கட்டுப்பாட்டுக் கருவிகள் 2012 முதல் நடைமுறையில் உள்ளவை என்றார்.

இதற்கு நேர்மாறானது 2021 செப்டம்பரில் டெக்சஸின் டெல் ரியோவில் எடுத்த படம். குதிரை மேல் இருந்த ரோந்துப் படையினர் ஹெய்ட்டியர்களைச் சாட்டையால் அடித்ததாகப் பரவியது; அது கடிவாள வார். யாரையும் வாரால் அடித்ததற்குச் சான்றில்லை என்றது 2022 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை. தேவையற்ற பலப்பிரயோகமும் இழிவான பேச்சும் நடந்ததாகவும் அதே அறிக்கை சொன்னது. ஒவ்வொரு முகாமும் அதில் பாதியை மட்டுமே மேற்கோள் காட்டியது.

அடைமொழியை உரித்து, நீதிமன்றத் தாளுக்குப் போங்கள்

2025 மார்ச் 15ல் ஒருவர் எல் சால்வடாரின் பெருஞ்சிறைக்கு அனுப்பப்பட்டார். ஒரு பக்கம் அவர் ‘மேரிலாந்து தந்தை’, மறுபக்கம் ‘எம்.எஸ்.-13 கும்பல்காரர்’. தாள்களில் இருந்தது: எல் சால்வடார் குடிமகன், ஆவணமின்றி நுழைந்தவர், அந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 2019ல் குடியேற்ற நீதிபதி உத்தரவிட்டிருந்தார், அதை மீறி அனுப்பியது ‘நிர்வாகத் தவறு’ என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அவர் திரும்பி வர வழிசெய்ய வேண்டும் என்று ஏப்ரல் 10ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு அடைமொழியையும் நீக்கிய பிறகும் செய்தி முழுதாக நிற்கிறது.

கூட்டாட்சி நீதிமன்ற ஆவணங்கள் ‘பேசர்’ என்ற அரசுத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட். பிரபலமான வழக்குகள் ‘கோர்ட்லிஸனர்’ தளத்தில் இலவசம். மனுவை விட அரசு அதிகாரியின் பிரமாணப் பத்திரத்தை முதலில் படியுங்கள். தேதிகளும் ஒப்புதல்களும் அதில்தான் இருக்கும். குடியேற்ற நீதிமன்றக் கோப்புகள் இங்கே கிடைக்காது. அந்த வழக்குகளில் ‘ஆவணங்கள் காட்டுகின்றன’ என்று நிருபர் எழுதினால் ஆவணத்தைக் கொடுத்தது வழக்கறிஞரா அரசா என்று பாருங்கள்.

ஆய்வு நிறுவனத்தின் பெயர் வந்தால் அதன் நிலைப்பாட்டையும் சேர்த்துப் படிக்கவும். குடியேற்ற ஆய்வு மையம் குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்வது; கேட்டோ நிறுவனம் தாராளமாகத் திறக்கச் சொல்வது; அமெரிக்கக் குடியேற்றக் கவுன்சில் குடியேறிகள் பக்கம் நிற்பது. மூன்றும் நல்ல தரவு தருவதுண்டு. ‘வல்லுநர்கள் கூறுகின்றனர்’ என்று மட்டும் எழுதுவதுதான் வாசகரை ஏமாற்றுவது. ஆல்சைட்ஸ் போன்ற தரப்படுத்தல் தளங்கள் ஓர் ஊடகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும். நம்பகமானதா என்று சொல்லாது. ஒரு சம்பவத்தை ராய்ட்டர்ஸ் அல்லது ஏ.பி.யில் முதலில் படித்து, பிறகு ஃபாக்ஸ், நியூயார்க் டைம்ஸ் இரண்டிலும் எந்தத் தகவல் விடுபட்டது என்று குறித்துப் பாருங்கள். சாய்வு அந்த விடுபட்ட இடத்தில் இருக்கும்.

தமிழுக்கு வரும்போது

மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி. அவசரத்தில் மில்லியனைக் கோடியாக்கும் தவறு ஓயாமல் நடக்கிறது. அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1ல் தொடங்கும். ‘2024 நிதியாண்டு’ என்றால் 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரை. நம் ஏப்ரல்–மார்ச் கணக்கில் மாற்றிப் போட்டால் ஆட்சி மாற்றமே தவறான பக்கம் விழும்.

‘அமெரிக்காவில் ஆவணமற்ற இந்தியர்கள்’ என்று ஒரே எண்ணோடு வரும் செய்தியை அப்படியே நம்ப வேண்டாம். பியூ ஆய்வு மையம் 2021க்கு 7,25,000 என்றது; உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2022க்கு 2,20,000 என்றது. இரண்டுமே கழித்தல் கணக்கு: வெளிநாட்டில் பிறந்த மொத்தப் பேரிலிருந்து சட்டபூர்வமாக இருப்பவர்களைக் கழித்த மீதி. தற்காலிக விசாவில் எத்தனை பேர் என்ற ஊகம் கொஞ்சம் நகர்ந்தாலே மீதி பெரிதும் மாறிவிடும். எத்தனை இந்தியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதற்கு, ஜெய்சங்கர் அவையில் வைத்த 2009 முதலான ஆண்டுவாரிப் பட்டியல் இருக்கிறது. அதில் 2019க்கு 2,042, 2024க்கு 1,368. ‘முதல்முறையாக’ என்று தொடங்கும் எந்தத் தலைப்பையும் அதோடு வைத்துப் பார்க்கலாம். 2025ல் புதிது, ராணுவ விமானத்தில் அனுப்பியது.

நமக்கு என்ன வந்து சேர்கிறது என்பதில் நம் ஊர் அரசியலுக்கும் பங்குண்டு. கைவிலங்கு விவகாரத்தில் பிரதமரை வரைந்த கார்ட்டூனுக்காக 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு முடக்கத்தை விலக்கச் சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6ல் உத்தரவிட்டது. அந்த நாட்களில் விகடனின் செய்தியை நேரடியாகப் படிக்க முடியாமல் ஸ்கிரீன்ஷாட்டில் படித்தவர்கள் ஏராளம். அப்படி வந்தவற்றில் தலைப்பும் தேதியும் வெட்டுப்பட்டிருந்தால், தளத்தில் மூலத்தைத் தேடி எடுத்த பிறகே மேற்கோள் காட்டுங்கள்.

தேதியை எழுதும்போது எந்த ஊர் நேரம் என்றும் சேர்த்து எழுதுங்கள். அமிர்தசரஸ் விமானம் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய தேதி வேறு, இறங்கிய பிப்ரவரி 5 வேறு. ஒரே விமானம் இரண்டாக எண்ணப்படுவது இப்படித்தான்.